கெளுத்தி முள்

புரட்டாசி முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அது. ஒரு மாதம் கவுச்சி படாத தெரு. மீன்கார அக்கா கூடையை இறக்கியதும் சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. நான் முதல் நாள் இரவுதான் சென்னையிலிருந்து ஊருக்கு வந்திருந்தேன். எனக்குக் கெளுத்தி மீன் குழம்பு என்றால் உயிர். அதனால் அம்மா வேறு எந்த மீனையும் திரும்பிப் பார்க்காமல், கெளுத்திக்காகவே காத்திருந்து வாங்கினாள்.

வழக்கமாக அக்காவே முள்ளை வெட்டிக் கொடுத்துவிடுவார். அன்று அவருக்குக் கை ஓயவில்லை. "நான் பார்த்துக்கொள்கிறேன், நீ மற்றவர்களைக் கவனி" என்று அம்மா சொன்னது திண்ணையில் இருந்த எனக்குக் கேட்டது. "பார்த்து அம்மா, முள் பொல்லாதது" என்று அக்கா சொன்னதும் கேட்டது.

கெளுத்திக்குச் செதிள் கிடையாது. உடம்பு முழுக்க வழவழப்பு. கல் உப்பைப் போட்டுக் கல்லில் தேய்த்துத்தான் அதைப் போக்க வேண்டும். முதுகில் ஒரு முள், செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று, ஆக மூன்று முட்கள். அந்த முள்ளைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்திருக்கிறீர்களா? ஓரத்தில் ரம்பம் போலச் சின்னச் சின்னப் பற்கள். உள்ளே போவது சுலபம். வெளியே வரும்போது சதையைக் கிழித்துக்கொண்டுதான் வரும். சில நேரம் நுனி ஒடிந்து உள்ளேயே தங்கிவிடும்.

கொல்லைப்புறத்தில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் அரிவாள்மனையைப் போட்டுக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். சற்று நேரத்தில் "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். வலது கை ஆள்காட்டி விரலின் உள்பக்கம், நடுக்கணுவுக்குச் சற்றுக் கீழே, ஊசி குத்தினாற்போல ஒரு புள்ளி. ஒரே ஒரு துளி ரத்தம். விரலை வாயில் வைத்துச் சப்பினாள். பிறகு மஞ்சள் தூளைக் குழைத்து அப்பி, பழைய வேட்டியின் கிழிசல் ஒன்றைச் சுற்றிக்கொண்டு மீதி மீனையும் கழுவி முடித்தாள்.

"என்னம்மா, குத்திவிட்டதா?"

"ஒன்றுமில்லை. லேசாகத்தான். நீ போய்க் குளித்துவிட்டு வா."

மதியம் குழம்பு மணத்தது. நான் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். இதை எழுதும்போது அந்த இரண்டாம் முறைதான் தொண்டையில் நிற்கிறது.

மறுநாள் காலையில் விரல் கடுக்கிறது என்றாள். நானும் பொறுப்புள்ள மகனாக அவளைப் பக்கத்து கிளினிக்குக் கூட்டிப்போய் டி.டி. ஊசி போட்டுக் கூட்டிவந்தேன். அத்தோடு என் மனதில் அந்த விஷயம் முடிந்துவிட்டது. "டி.டி. போட்டாயிற்று, இனிக் கவலையில்லை" என்று நானே அவளிடம் சொன்னேன். அன்று மாலை அவள் வழக்கம்போலப் பாத்திரம் துலக்கினாள், மாவு அரைத்தாள். கட்டியிருந்த துணி நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்தது.

செவ்வாய்க்கிழமை காலை எனக்குக் காபி கொண்டுவந்தாள். டம்ளரை இடது கையில் பிடித்திருந்தாள். என் அம்மா இடது கையால் எதையும் யாருக்கும் கொடுக்க மாட்டாள். ஒரு வெற்றிலை மடிப்பைக்கூட. அதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. "கையைக் காட்டு" என்றேன். ஆள்காட்டி விரல் முழுதும் ஒரே சீராக உருண்டு, பளபளவென்று, வெந்த வாழைப்பழம் போல இருந்தது. பாதி மடிந்தே நின்றது. நான் மெல்ல நிமிர்த்தப் போனேன். அலறிவிட்டாள். பிரசவ வலியையே பல்லைக் கடித்துத் தாங்கியவள் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவள் அலறி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். "இன்று செவ்வாய்க்கிழமை, நாளை போகலாம்" என்றாள். நானும் கேட்டுக்கொண்டேன். மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். வலி கொஞ்சம் அடங்கியது. உள்ளே நடந்துகொண்டிருந்தது அடங்கவில்லை.

புதன் விடியற்காலை நான்கு மணிக்கு அவளுக்குக் குளிர் நடுக்கம் வந்தது. இரண்டு போர்வை போர்த்தியும் கட்டில் ஆடியது. கையைப் பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கையின் உள்மடிப்பு வரைக்கும் சிவப்பு மையால் கோடு இழுத்தாற்போல ஒரு தடம். அக்குளில் நெல்லிக்காய் அளவுக்கு நெறி கட்டியிருந்தது. அம்மா ஏதோ சொன்னாள், சொல் தடுமாறியது. நான் ஆட்டோவுக்கு ஓடினேன்.

மருத்துவமனையில் எங்களைப் பார்த்த பெண் மருத்துவர் இளவயதுதான். முதலில் கேட்ட கேள்வி எனக்கு வியப்பாக இருந்தது. "எதில் குத்தியது? கடல் மீனா, ஆற்று மீனா?" அப்போது அது தேவையற்ற கேள்வியாகத் தோன்றியது. பிறகுதான் புரிந்தது. நம் தோலில் குடியிருக்கும் கிருமி ஒன்று, உப்பும் நன்னீரும் கலக்கும் கழிமுகத்து நீரில் வாழ்வது வேறொன்று, குளத்து நீரில் இருப்பது இன்னொன்று. எந்தக் கிருமி என்று ஊகித்துத்தான் முதல் மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியும். வெப்பமான கடலோர நீரில் வாழும் விப்ரியோ வகைக் கிருமிகள், ஈரல் நோய் உள்ளவர்களையும் சர்க்கரை நோயாளிகளையும் இரண்டொரு நாளில் சாய்த்துவிடக் கூடியவை. அதனால் மருத்துவரிடம் போனால் "காயம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். மீன் முள், கருவேல முள், நாய்ப் பல், சாக்கடைத் தகரம் என்று எதில் பட்டதோ அதைச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

இரண்டாவதாக அவர் செய்தது, சட்டைப் பையிலிருந்து பால்பாயின்ட் பேனாவை எடுத்து, அம்மாவின் கையில் சிவப்பு எங்கே முடிகிறதோ அந்த ஓரத்தை ஒட்டிக் கோடு போட்டதுதான். பக்கத்தில் மணியையும் எழுதினார்: 5.40. "இந்தக் கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள் தம்பி." ஆறரை மணிக்கு அது ஒரு விரற்கடை தாண்டியிருந்தது. ஓர் எதிரி நம் கண்ணெதிரே நடந்து வருவதைப் பார்ப்பது போல இருந்தது. வீட்டில் இருந்தபோதே என்னிடம் பேனா இருந்தது. போடத் தெரியவில்லை.

மூன்றாவதாக ரத்தப் பரிசோதனை. சர்க்கரை 342. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பது அன்றைக்கு வரை எங்கள் யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது. எங்களை எல்லாம் பரிசோதனைக்கு அனுப்பியவள், தன் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுக்க யாரிடமும் காட்டியதில்லை.

மோதிரத்தைக் கழற்ற முடியாமல் வெட்டி எடுத்தார்கள். கை வீங்கத் தொடங்கும் முன்பே மோதிரம், வளையலைக் கழற்றிவிட வேண்டும் என்று செவிலியர் சொன்னார். கால் என்றால் மெட்டியை. காலை ஒன்பது மணிக்கு அறுவை அரங்குக்குக் கொண்டுபோனார்கள். விரலின் உள்பக்கம் நீளவாக்கில் திறந்து, தசைநாரைச் சுற்றியிருக்கும் உறைக்குள் தேங்கியிருந்த சீழைக் கழுவி எடுத்தார்கள். அதோடு ஒரு முள் நுனி. பிறகு அதை ஒரு சின்ன மூடி போட்ட புட்டியில் வைத்து என்னிடம் காட்டினார்கள். உடைந்த அரிசிக் குருணை அளவுதான். பழுப்பு நிறம். அதன் ஓரத்தில் ஒரே ஒரு பல் தெரிந்தது.

சிகாகோவைச் சேர்ந்த ஆலன் கனவேல் என்ற அறுவை மருத்துவர் இந்த நோய்க்கு நான்கு அடையாளங்களை வகுத்து வைத்திருக்கிறார். விரல் பாதி மடிந்த நிலையில் நிற்பது, முழு விரலும் ஒரே சீராக வீங்குவது, தசைநார் ஓடும் வழி நெடுகத் தொட்டால் வலிப்பது, யாராவது நிமிர்த்த முயன்றால் உயிர் போவது. இன்றும் உலகமெங்கும் மருத்துவ மாணவர்கள் இதைப் படிக்கிறார்கள். அந்த நான்கில் மூன்றை நான் செவ்வாய்க்கிழமை காலை, காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டுக் கூடத்தில் பார்த்துவிட்டேன். நான்காவதைத் தொட்டுப் பார்க்கவில்லை. கையின் தசைநார் உறை என்பது ஒரு மூடிய குழாய். உள்ளே சீழ் கட்டினால் அழுத்தம் ஏறும்; ரத்த ஓட்டம் நிற்கும்; நார் செத்துவிடும். அங்கே ஒரு நாள் என்பது பெரிய காலம். அந்த ஒரு நாளை நான் வலி மாத்திரைக்குக் கொடுத்துவிட்டேன்.

இப்போது அந்த டி.டி. ஊசிக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே முக்கியமாக இதற்காகத்தான்.

நம் ஊரில் யாருக்காவது காயம் பட்டது என்றால் அடுத்த கேள்வி "டி.டி. போட்டாயா?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்வியே. ஆனால் "போட்டாயிற்று" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது. காயத்தால் வரக்கூடிய எல்லாக் கேட்டுக்கும் அது ஒன்றே காப்பு என்று நம்புகிறோம். நான் படித்தவன், நானும் அப்படித்தான் நம்பினேன். காயத்தைப் பொறுத்தவரை அந்த ஊசி காப்பது ஒரே ஒரு நோயிலிருந்து. நம் பாட்டிமார் ரண ஜன்னி என்று சொன்ன டெட்டனஸிலிருந்து. சீழ் பிடிக்க வைக்கும் கிருமிகளை அது ஒன்றும் செய்யாது. அம்மாவின் விரலுக்குள் பெருகிக்கொண்டிருந்தவை அந்த ஊசி போட்டதை அறியவே அறியாது.

ரண ஜன்னி சாதாரணமானதல்ல. அந்தக் கிருமியின் விதைகள் மண்ணிலும் சாணத்திலும் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். காற்றுப் புகாத ஆழமான காயம் கிடைத்தால் விழித்துக்கொண்டு நஞ்சைச் சுரக்கும். தாடை இறுகும், முதுகு வில்லாக வளையும். துரு பிடித்த ஆணியால்தான் இது வரும் என்பது தவறு. துருவில் ஒன்றுமில்லை, ஆணி கிடந்த மண்ணிலும், அது ஆழமாகக் குத்துவதிலும்தான் ஆபத்து. பளபளக்கும் புது ஊசி மண்ணில் விழுந்திருந்தால் அதுவும் ஆபத்தே. ஒரு காலத்தில் அரிவாளால் தொப்புள்கொடியை அறுத்துச் சாணம் வைத்த வழக்கத்தால் பிறந்த ஏழெட்டு நாளில் எத்தனை குழந்தைகள் போயிருக்கின்றன. கர்ப்பிணிகளுக்குத் தவறாமல் ஊசி போட்டு, பிரசவத்தை மருத்துவமனைக்குக் கொண்டுவந்து, 2015-இல் தாய்க்கும் சேய்க்கும் வரும் அந்த நோயை இந்தியா ஒழித்த நிலையை எட்டியது. கிராமச் செவிலியர்கள் வீடு வீடாக நடந்து செய்த வேலை அது. அவர்களுக்கு நாம் இன்னும் சரியாக நன்றி சொல்லவில்லை.

ஆகவே ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத் தவணைகளுக்குப் பின் ஐந்து முதல் ஆறு வயதில், பிறகு 10 வயதில், 16 வயதில் என்று அட்டவணை இருக்கிறது. பெரியவர்கள் 10 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அழுக்கான, ஆழமான காயம் என்றால் கடைசி ஊசி போட்டு 5 ஆண்டு கடந்திருந்தாலே மறுபடி போடச் சொல்வார்கள். இப்போது அரசுத் திட்டத்தில் பழைய டி.டி.க்குப் (TT) பதில் தொண்டை அடைப்பானையும் சேர்த்துத் தடுக்கும் டி.டி. (Td) என்ற கலவை ஊசிதான் வருகிறது. பழைய பெயராலேயே எல்லோரும் கேட்கிறோம், கொடுக்கிறார்கள். போட்டுக்கொண்ட பிறகும் காயத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள் என்பதே நான் கெஞ்சிக் கேட்பது.

மருத்துவமனையில் கழிந்த ஒன்பது நாட்களில் பக்கத்துப் படுக்கைக்காரர்களின் கதைகளைக் கேட்டேன். ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற ஓட்டுநர். சேற்றுப்புண்தான், காலின் சின்ன விரல் இடுக்கில். நடவுக்காலம் என்பதால் வயலில் இறங்கி நின்றிருக்கிறார். முழங்கால் வரை கால் சிவந்து, பானைபோல வீங்கி வந்து சேர்ந்தார். இன்னொருவருக்கு நகச்சுத்தி. விரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு நான்கு நாள் ஓட்டியிருக்கிறார். மூன்றாவது ஒரு பெண்மணி, செருப்புக்குள் கிடந்த ஒரு சின்னக் கருங்கல்லின் மேல் நாள் முழுதும் நடந்திருக்கிறார். உறுத்தவே இல்லையாம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாராம். அவருக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை.

அந்தப் பெண்மணியின் கதையைக் கேட்டபோது எனக்கு டாக்டர் பால் பிராண்ட் நினைவுக்கு வந்தார். 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். லண்டனில் மருத்துவம் படித்துவிட்டு 1946-இல் வேலூருக்கு வந்தார். அப்போது தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் அழுகி உதிர்ந்துவிடுகின்றன என்று மருத்துவர்களே நம்பினார்கள். பிராண்ட் அதை ஏற்காமல் பொறுமையாகப் பார்த்தார். நோய் நரம்பைத்தான் கொன்றது. வலி தெரியாமல் போன கை, கொதிக்கும் பாத்திரத்தைத் தொட்டது, பூட்டில் சாவியைத் தோல் கிழியத் திருகியது, தணலைத் தொட்டது. அந்தச் சின்னக் காயங்களில் கிருமி ஏறி, எலும்பைத் தின்று, விரலைக் கொண்டுபோனது. இரவில் படுக்கப்போகும்போது இருந்த விரல் காலையில் இல்லை என்று வந்தவர்களும் உண்டு. காரணம் எலி. தூங்குபவருக்குக் கடிப்பது தெரியவில்லை. அதற்கு அவர்கள் கண்ட மருந்து பூனை. நோயாளிகள் பூனை வளர்த்தார்கள்.

காயத்தைத் தினமும் கண்ணால் தேடிப் பார், காலுக்கு ஏற்ற செருப்பைப் போடு, புண் பட்ட பாதத்துக்கு ஓய்வு கொடு என்று வேலூரில் அவரும் அவரோடு இருந்தவர்களும் கற்றதை, பிற்காலத்தில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் பணியாற்றியபோது அவர் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் பொருத்திக் காட்டினார். இன்று உலகமெங்கும் சர்க்கரை நோயாளிகளிடம் "தினமும் உள்ளங்காலைப் பாருங்கள்" என்று சொல்கிறார்களே, அந்தச் சொல்லின் ஒரு வேர் நம் வேலூரில் இருக்கிறது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய். அவர்களில் எத்தனை பேர் என் அம்மாவைப் போலத் தெரியாமலே மீன் கழுவிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் பதறுகிறது. வலி குறைவாகத் தெரியும், ரத்த ஓட்டம் குறைவு, வெள்ளணுக்கள் சுணங்கும், கிருமிக்கு வேண்டிய சர்க்கரையோ தாராளம். அப்படிப்பட்ட கையில் சின்னக் காயம் என்று ஒன்று இல்லை.

சர்க்கரை இல்லாதவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்றும் நினைக்க வேண்டாம். 1924 ஜூன் 30 அன்று அமெரிக்க ஜனாதிபதி கால்வின் கூலிட்ஜின் மகன், 16 வயதுப் பையன், வெள்ளை மாளிகைத் திடலில் காலுறை இல்லாமல் டென்னிஸ் ஆடினான். கால்விரலில் ஒரு கொப்புளம். அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. ஜூலை 7 அன்று இறந்துவிட்டான். ரத்தத்தில் கிருமி ஏறியிருந்தது. நாட்டின் தலைமைப் பீடத்தில் இருந்த தந்தைக்கு நாட்டின் சிறந்த மருத்துவர்கள் எல்லோரும் அழைத்தால் வருவார்கள். ஆனால் அவர்கள் கையில் மருந்து இல்லை. பெனிசிலினை ஃபிளெமிங் கண்டது 1928-இல். அது நோயாளிக்குச் செலுத்தப்பட்டது 1941-இல். அந்தப் பையனைக் கொன்ற கிருமி இன்றும் நம்மில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரின் மூக்குக்குள் எந்தத் தொந்தரவும் செய்யாமல் குடியிருக்கிறது. வாசல் திறக்கும் வரைதான் அது சாது.

அதற்கும் முன்பு, 1847-இல் வியன்னாவில் யாக்கோப் கொல்லெட்ச்கா என்ற மருத்துவர் பிணப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி விரலில் பட்டு, சில நாட்களில் இறந்தார். அவருடைய நண்பர் செம்மல்வைஸ் அந்தச் சாவின் குறிப்புகளைப் படித்தபோதுதான், பிரசவ வார்டில் தாய்மார்களைக் கொல்வதும் இதே நஞ்சுதான், அது மருத்துவர்களின் கையில் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று உணர்ந்தார். கையைக் கழுவுங்கள் என்று அவர் போட்ட விதிக்கு ஒரு விரல் காயமே காரணம். 1865 ஆகஸ்ட் 13 அன்று அந்தச் செம்மல்வைஸும் மனநல விடுதியொன்றில், புரையோடிய காயத்திலிருந்து நஞ்சு உடலெங்கும் பரவி இறந்தார். அதற்கு முதல் நாள்தான் கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த 11 வயதுச் சிறுவனின் காயத்தைக் கிருமியைக் கொல்லும் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் கட்டினார். சிறுவன் நடந்து வீட்டுக்குப் போனான். இந்த இரண்டு தேதிகளையும் அடுத்தடுத்துப் படித்த இரவு எனக்கு வெகு நேரம் தூக்கம் வரவில்லை.

நம் வீட்டு வைத்தியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வயலில் வெட்டுப்பட்டால் வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிப் பிழிந்த தாத்தாவை எனக்குத் தெரியும். ரத்தம் நின்றதையும் பார்த்திருக்கிறேன். மஞ்சளுக்குக் கிருமியை அடக்கும் குணம் உண்டு என்பதையும் மறுக்கவில்லை. என் பயம் வேறு. அஞ்சறைப்பெட்டியிலிருக்கும் மஞ்சள், காயத்துக்கென்று செய்ததல்ல; அதில் என்ன கலந்திருக்கிறது, எந்த ஈரக் கை பட்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதைவிட முக்கியமாக, அது காயத்தை மூடி மறைத்துவிடுகிறது. மஞ்சளுக்கு அடியில் தோல் சிவந்தது எங்களுக்குத் தெரியவே இல்லை. காபித் தூள், சுண்ணாம்பு, சிலந்தி வலை, மாத்திரையை உடைத்துத் தூவும் பொடி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். மேலே பொருக்கு தட்டும், "காய்ந்துவிட்டது" என்போம், அடியில் சீழ் கட்டும்.

மருந்துக்கடையில் "இரண்டு ஆன்டிபயாடிக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்குவதும் அப்படித்தான். இரண்டு மாத்திரை கிருமியைக் கொல்லாது, அதற்குப் பழக்கம் கொடுத்துவிடும். பிறகு நிஜமாகவே தேவைப்படும் நாளில் மருந்து கேட்காது.

வேண்டியது எளிமையானது. எளிமையாக இருப்பதாலேயே நாம் மதிப்பதில்லை. ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிப்பது. பிறகு குழாயைத் திறந்து ஓடும் நீரில் ஐந்து நிமிடம் கழுவுவது. ஐந்து நிமிடம் என்றால் கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம். அது எவ்வளவு நீளம் என்று நின்று பார்த்தால்தான் தெரியும். காயத்தைச் சுற்றிச் சோப்பு. உள்ளே மண்ணோ முள்ளோ இருந்தால், எளிதில் வந்தால் எடுப்பது, வராவிட்டால் தோண்டாமல் மருத்துவரிடம் போவது. கிருமிநாசினியைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றி எரிய வைத்தால் நல்லது என்று ஒரு நம்பிக்கை. அந்த எரிச்சல், கிருமியோடு நம் புதுச் சதையும் சாகிற எரிச்சல். காற்றாட விட்டால் சீக்கிரம் காயும் என்பதும் தவறு. 1962-இலேயே ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர், மூடி ஈரம் காத்த காயம் திறந்து உலர்ந்த காயத்தைவிட விரைவாகத் தோல் மூடுகிறது என்று பன்றிகளின் தோலில் காட்டிவிட்டார். சுத்தமான கட்டு, நனைந்தால் மாற்றுவது, தினம் ஒரு முறை திறந்து பார்ப்பது.

மீன் முள்ளுக்கு மட்டும் ஒன்று கூடுதல். மீனவர்கள் குத்திய கையைப் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் வைப்பார்கள். அந்த முள்ளின் நஞ்சு சூட்டில் வலுவிழக்கும் என்பதால் வலி தணியும். அது வலிக்குத்தான், கிருமிக்கல்ல. சூடு உறைக்காத சர்க்கரைக் கை என்றால் வேறொருவர் தன் கையை விட்டுச் சூடு பார்த்த பிறகே வைக்க வேண்டும்.

அதன் பிறகு மூன்று நாள் காவல். நல்ல காயம் என்றால் நாளுக்கு நாள் வலி குறைய வேண்டும். இரண்டாம் நாளுக்கு மேல் வலி ஏறினால், சிவப்பு பரவினால், தொட்டால் சுட்டால், சீழ் வந்தால், கோடு ஓடினால், நெறி கட்டினால், காய்ச்சல் அடித்தால் அன்றே போக வேண்டும். பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் வலி மட்டும் தாங்க முடியவில்லை என்பதும் ஆபத்தின் குரல்தான். மூச்சு வாங்குவது, பேச்சு குழறுவது, சிறுநீர் குறைவது என்றால் விடியும் வரைகூடக் காத்திருக்கக் கூடாது. நாள் பார்க்கக் கூடாது, கிழமை பார்க்கக் கூடாது.

அம்மாவின் விரல் தப்பியது. முழுவதுமாக மடியாது. ஆறு மாதம் பயிற்சி கொடுத்தும் உள்ளங்கையைத் தொட ஒரு அங்குலம் மிச்சமிருக்கிறது. வீடு வந்ததும் அவள் முதலில் சோதித்துப் பார்த்தது கோலத்தைத்தான். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவு இழையாக இறங்க வேண்டும். இறங்கவில்லை. கொத்தாக விழுந்தது. ஒன்றும் சொல்லாமல் துடைப்பத்தால் அழித்துவிட்டு உள்ளே போனாள். பிறகு நடுவிரலால் பழகிக்கொண்டாள். கோடு முன்பைவிடச் சற்றுத் தடிமன்.

போன மார்கழியில் ஊருக்குப் போயிருந்தேன். தேங்காய் துருவும்போது கட்டை விரலில் கீறிக்கொண்டாள். சமையலறையிலிருந்து குரல் வந்தது. "டேய், கடிகாரத்தைப் பார். இப்போதுதான் குழாயைத் திறந்தேன்." நான் போய் அவள் பக்கத்தில் நின்றேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் பேசவில்லை. அடுப்பில் எதுவோ அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. "விடு, தீயட்டும்" என்றாள்.

மறுநாள் நான் சென்னைக்குத் திரும்பிவிட்டேன். மூன்றாம் நாள் காலை வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கட்டு பிரித்த கட்டை விரல். வீக்கமில்லை, சிவப்பில்லை. விரலுக்குப் பின்னால் மங்கலாக, அன்றைக்குப் போட்ட கோலம்.